கிணறு பொது, கயிறு யாருடையது? - திறந்த மூலக் கைபேசிகளின் இருபது வருடக் கதை



(கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகளுக்குப் போன் வாங்க யோசிக்கும் பெற்றோர் கடைசிப் பகுதியையாவது வாசியுங்கள்.)

ஊரில் எந்தப் போன் கடைக்குப் போனாலும் இருப்பது இரண்டே வகைதான். ஒன்று அப்பிளின் ஐபோன். மற்றதெல்லாம் அன்ட்ரொயிட். சம்சுங், ஷாவ்மி, ஒப்போ, விவோ என்று பெயர் எத்தனை மாறினாலும் உள்ளே ஓடுவது ஒன்றுதான். "இந்த ரெண்டும் வேணாம், வேற என்ன இருக்கு?" என்று கேட்டால் கடைக்காரத் தம்பி நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

ஆனால் வேறு இருந்தது. ஒன்றிரண்டு இல்லை, பல இருந்தன. உலகின் மிகப் பெரிய போன் கம்பனி ஒன்றே அந்த வழியில் போய்ப் பார்த்தது. அவை எப்படி வந்தன, ஏன் போயின என்று தெரிந்துகொண்டால், நல்ல நிலையில் இருக்கும் நம் போன் மூன்று நான்கு வருடத்தில் ஏன் "பழைய போன்" ஆகிவிடுகிறது என்பதும் விளங்கும்.

*முதலில் ஒரு சின்ன விளக்கம்*

போனையோ கணினியையோ இயக்கும் அடிப்படை மென்பொருளைப் பாடசாலைத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் பணிசெயல் முறைமை என்று படிக்கிறோம். அதை எழுதிய நிரல் வரிகள்தான் அதன் மூலம். அப்பிள் போன்ற கம்பனிகள் தங்கள் போனின் மூலத்தில் பெரும் பகுதியைப் பூட்டி வைத்திருக்கின்றன. திறந்த மூலம் என்றால் அந்த வரிகளை யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், மாற்றலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம்.

மதீனாவில் விலைக்குத் தண்ணீர் விற்கப்பட்ட ரூமா கிணற்றை உஸ்மான் (ரழி) அவர்கள் வாங்கி வக்பு செய்த வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரியும். திறந்த மூலத்தை விளங்கிக்கொள்ள அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1991 இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் அப்படியான ஒரு கிணறு. அதன் உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு: இதை எடுத்து மாற்றி மற்றவருக்குக் கொடுப்பவர், தான் மாற்றிய மூலத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எல்லாத் திறந்த மூல உரிமங்களிலும் இந்த நிபந்தனை இல்லை. சிலவற்றில், எடுத்தவர் மாற்றிவிட்டுத் தன் பங்கை மூடி வைத்துக்கொள்ளலாம். இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

*நோக்கியா விட்ட வாய்ப்பு*

நம்மில் பலருடைய முதல் போன் நோக்கியாதான். அதே நோக்கியா 2005 இல் 770 என்று ஒரு சிறிய கருவியை வெளியிட்டது. அழைப்பு எடுக்க முடியாது. இணையம் பார்க்க மட்டும். உள்ளே ஓடியது மேமோ, லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. 2009 இன் கடைசியில் அதே மேமோவுடன் என்900 என்ற முழுமையான போன் வந்தது.

2010 பெப்ரவரியில் இரண்டு விடயங்கள் நடந்தன. நோக்கியாவின் கோடிக்கணக்கான போன்களில் ஓடிய சிம்பியன் முறைமையின் மூலம் பொதுவாகத் திறந்து விடப்பட்டது. அதே மாதம் மேமோவையும் இன்டெல் கம்பனியின் மொப்லினையும் சேர்த்து மீகோ என்ற புதிய திறந்த முறைமையை இரு கம்பனிகளும் அறிவித்தன. அந்த நேரத்தில் உலகில் அதிகமாகப் போன் விற்ற கம்பனி நோக்கியா. அதன் கையில் ஒன்றல்ல, இரண்டு திறந்த முறைமைகள்.

ஒரே வருடத்தில் கதை மாறியது. மைக்ரோசொப்ட்டிலிருந்து வந்து நோக்கியாவின் தலைவரான ஸ்டீபன் ஈலொப், 2011 பெப்ரவரி 11 அன்று மைக்ரோசொப்ட்டின் விண்டோஸ் போனைத் தங்கள் பிரதான வழியாக அறிவித்தார். அவர் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. போட்டி இனிப் போனுக்கும் போனுக்கும் இடையில் இல்லை. செயலிகள், கடை, சேவைகள் எல்லாம் சேர்ந்த முழு உலகங்களுக்கு இடையில் என்றார். நோயைச் சரியாகச் சொன்னார். மருந்துதான் பிழைத்தது. அந்த வருடமே மீகோவுடன் வந்த என்9 போனைப் பலரும் பாராட்டினார்கள். ஆனால் கம்பனியே கைவிட்ட முறைமைக்கு யார் செயலி எழுதுவார்கள்?

2013 செப்டெம்பரில் நோக்கியா தன் போன் தொழிலை 5.44 பில்லியன் யூரோவுக்கு மைக்ரோசொப்ட்டுக்கு விற்க உடன்பட்டது. 2014 ஏப்ரலில் கைமாற்றம் முடிந்தது. சில வருடங்களில் விண்டோஸ் போனும் சந்தையை விட்டுப் போனது. நோக்கியாவிலிருந்து வெளியேறிய சிலர் 2011 இல் பின்லாந்தில் யொல்லா என்ற சிறு கம்பனியைத் தொடங்கினார்கள். மீகோவின் மிச்சத்திலிருந்து அவர்கள் உருவாக்கிய செய்ல்பிஷ் 2013 இல் போனாக வந்தது. அதில் அன்ட்ரொயிட் செயலிகளையும் ஓடச் செய்யவேண்டி வந்தது. வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை.

*வட்ஸ்அப் இல்லாத போன்*

பயர்பொக்ஸ் உலாவியை உருவாக்கிய மொசில்லா இலாப நோக்கற்ற அமைப்பு. மலிவான போன்களுக்கு ஒரு திறந்த முறைமை வேண்டும் என்று அவர்கள் 2011 இல் தொடங்கிய வேலைதான் பயர்பொக்ஸ் ஓஎஸ். இணையப் பக்கம் எழுதத் தெரிந்த எவரும் அதற்குச் செயலி எழுதலாம். 2013 ஜூலையில் ஸ்பெயினில் முதல் போன் விற்பனைக்கு வந்தது. 2014 ஓகஸ்டில் இந்தியாவில் இன்டெக்ஸ் கம்பனி 1,999 இந்திய ரூபாவுக்கு ஒன்றை விற்றது. அந்த விலைக்கு ஸ்மார்ட் போன் என்பது அன்று பெரிய விடயம்.

ஆனால் அதற்கு உத்தியோகபூர்வ வட்ஸ்அப் வரவே இல்லை.

இது எவ்வளவு பெரிய குறை என்று நம் ஊராருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஜனாஸா அறிவித்தல் முதல் பாடசாலை அறிவித்தல், வெளிநாட்டில் இருக்கும் மகனின் குரல் வரை எல்லாம் அதில்தான் வருகிறது. போன் எவ்வளவு மலிவாக, எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், ஊர் கூடும் இடத்துக்குப் போக முடியாத போனை யார் வாங்குவார்? 2015 டிசம்பரில் மொசில்லா அந்தப் போன்களின் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது.

அதன் மூலத்தை எடுத்து வேறொரு கம்பனி காய்ஓஎஸ் என்று பட்டன் போன்களுக்குக் கொண்டு வந்தது. 2017 இல் இந்தியாவில் அறிமுகமான ஜியோபோன் அதில்தான் ஓடியது. அதற்கு 2018 இல் வட்ஸ்அப் வந்தது. மூலம் பெரும்பாலும் பழையதுதான். பின்னால் நின்ற கம்பனியின் பலம்தான் புதிது.

உபுண்டு போனும் இதே வழியில் வந்து போனது. 2013 இல் அதன் முதல் கனவுப் போனுக்காகப் பொதுமக்களிடம் 32 மில்லியன் டொலர் திரட்டப் பார்த்தார்கள். 13 மில்லியனை நெருங்கியும் இலக்கை எட்டவில்லை. 2017 இல் கம்பனி அந்த வேலையையே கைவிட்டது. யூபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வலர் குழு அதைத் தூக்கி எடுத்து இன்னும் நடத்துகிறது.

*சிப்புக்குள் இருக்கும் பூட்டு*

இவற்றில் பலவற்றுக்கும் முன்பு, 2007 இல், தாய்வானில் ஓபன்மோக்கோ என்ற குழு நியோ 1973 என்ற போனை வெளியிட்டது. முதல் கைபேசி அழைப்பு எடுக்கப்பட்ட வருடம் 1973; அதன் ஞாபகமாக அந்தப் பெயர். மென்பொருளோடு போனின் வெளி உறை வரைபடங்களைக் கூட வெளியிட்டார்கள். அப்படியிருந்தும் வலையமைப்போடு பேசும் மொடம் சிப்பின் உள் மென்பொருள் பூட்டியபடியே இருந்தது. 2008 இல் வந்த இரண்டாவது போனில் 3ஜி வசதி இல்லை. 2009 இல் அடுத்த போனுக்கான வேலை நின்றது.

கணினியில் லினக்ஸைப் போடுவது ஒப்பீட்டளவில் இலகு. போனில் அப்படி இல்லை. ஒவ்வொரு மொடலின் கமராவும் மொடமும் திரையும் வேறு வேறு. அவற்றை இயக்கும் சாரதி மென்பொருளைச் சிப் கம்பனிகள் பெரும்பாலும் மூடியே தருகின்றன. அவர்கள் ஒரு சிப்புக்கான வேலையை நிறுத்தினால், அந்தச் சிப் உள்ள போன்களுக்குப் புதிய பதிப்பு கொண்டுவருவது மிகக் கடினம். உங்கள் போன் உடையவில்லை, பெட்டரியும் நல்லது, ஆனாலும் அப்டேட் வருவதில்லை என்றால் அதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

*வென்றவரும் திறந்த மூலம்தான்*

இனிச் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கப்போகும் விடயம். மேலே சொன்னவற்றைத் தோற்கடித்த அன்ட்ரொயிட்டும் திறந்த மூலம்தான்.

2003 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அன்ட்ரொயிட் என்ற சிறு கம்பனியை 2005 இல் கூகிள் வாங்கியது. 2007 நவம்பர் 5 அன்று 34 கம்பனிகள் சேர்ந்த ஒரு கூட்டணியை அறிவித்து, இந்த முறைமையைத் திறந்த மூலமாகத் தருவதாகச் சொன்னது. 2008 ஒக்டோபரில் முதல் அன்ட்ரொயிட் போன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அடியில் இருப்பது லினக்ஸ். அதன் மேல் உள்ள பகுதிகளுக்குக் கூகிள் தெரிவு செய்தது பெரும்பாலும் அந்த இரண்டாவது வகை உரிமம்: எடுத்தவர் தன் பங்கை மூடி வைத்துக்கொள்ளலாம். போன் கம்பனிகளுக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் பிளே ஸ்டோர், மெப்ஸ், ஜிமெயில் போன்றவை அந்தத் திறந்த மூலத்துக்குள் இல்லை. அவை கூகிளின் சொந்தச் சொத்து. அவை வேண்டுமானால் கூகிளோடு ஒப்பந்தம் செய்ய வேண்டும். கிணறு பொது, வாளியும் கயிறும் ஒருவரிடம்.

கயிற்றின் பலம் எப்படிப்பட்டது என்பதற்கு நான்கு சம்பவங்கள்:

1. ஸ்டீவ் கொண்டிக் என்பவர் அன்ட்ரொயிட்டை மெருகேற்றி சயனோஜன்மொட் என்று இலவசமாகக் கொடுத்து வந்தார். 2009 இல் கூகிளின் சட்டக் கடிதம் வந்தது. அன்ட்ரொயிட்டை எடுத்ததற்காக அல்ல. அதோடு கூகிளின் மூடிய செயலிகளையும் சேர்த்துக் கொடுத்ததற்காக. அவற்றை நீக்கிவிட்டுத்தான் அவர் தொடர முடிந்தது.

2. 2012 செப்டெம்பரில் ஏசர் கம்பனி, சீனாவின் அலிபாபா உருவாக்கிய முறைமையுடன் ஒரு போனை வெளியிட இருந்தது. அது அன்ட்ரொயிட்டின் ஒத்துவராத பிரதி என்று கூகிள் ஆட்சேபித்தது. வெளியீட்டு விழா கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது.

3. 2018 ஜூலையில் ஐரோப்பிய ஆணைக்குழு கூகிளுக்கு 4.34 பில்லியன் யூரோ தண்டம் விதித்தது. பிளே ஸ்டோர் வேண்டுமானால் கூகிளின் தேடலையும் குரோமையும் போனில் போட்டே தர வேண்டும், அன்ட்ரொயிட்டின் வேறு பிரதிகளில் ஓடும் போனை விற்கக் கூடாது என்ற நிபந்தனைகள் குற்றச்சாட்டில் இருந்தன. 2022 இல் நீதிமன்றம் தொகையைக் கொஞ்சம் குறைத்து, தீர்ப்பின் பெரும் பகுதியை உறுதி செய்தது.

4. 2019 மே மாதம் அமெரிக்கா ஹுவாவி கம்பனியைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அன்ட்ரொயிட்டின் திறந்த மூலத்தை எடுக்க ஹுவாவிக்கு அப்போதும் தடையில்லை. எடுத்தது, புதிய போனும் செய்தது. ஆனால் அந்த வருடம் செப்டெம்பரில் வந்த மேட் 30 இல் பிளே ஸ்டோர் இல்லை. சீனாவில் சமாளித்தார்கள், வெளிநாடுகளில் விற்பனை சரிந்தது.

ஆகவே தோல்விகளுக்குக் காரணம் திறந்த மூலம் தரம் குறைந்தது என்பதல்ல. செயலிக் கடையும் சிப்பும் யார் கையில் இருந்தனவோ, தீர்ப்பும் அவர்கள் கையில் இருந்தது.

*நாம் காணாத வெற்றி*

இந்தப் பதிவை நீங்கள் தமிழில் ஒழுங்காக வாசிக்கிறீர்கள். 2010, 2011 காலத்தில் பலருடைய போனில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. ஒபேரா மினி உலாவியின் முகவரி இடத்தில் ஏதோ ஒன்றை அடித்து, ஒரு அமைப்பை மாற்றினால் எழுத்துகள் படமாக வரும். அந்த வித்தையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து முகநூல் வாசித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள்.

தமிழ் எழுத்தைத் திரையில் கொண்டு வருவது லேசான வேலை இல்லை. "கொ" என்று எழுதும்போது கணினியில் முதலில் க, பிறகு உயிர்க்குறி. திரையிலோ ஒரு துண்டு முன்னாலும் ஒரு துண்டு பின்னாலும் வரவேண்டும். அரபியிலும் அப்படித்தான். சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் ஹர்ஃபின் வடிவம் மாறும். மத்ரஸாவில் முதல் வருடம் படிக்கும் பிள்ளைக்கே அது தெரியும்.

இந்த வேலையை அன்ட்ரொயிட்டிலும் குரோம், பயர்பொக்ஸ் உலாவிகளிலும் செய்வது ஒரு திறந்த மூல மென்பொருள். பெயர் ஹர்ஃபுபாஸ். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் அதன் பிரதான ஆசிரியர். "ஹர்ஃப்" நமக்குத் தெரிந்த அதே சொல். பாரசீகத்தில் "பாஸ்" என்றால் திறந்த. திறந்த எழுத்து! தமிழும் சிங்களமும் அரபியும் ஒரே போனில் பிழையில்லாமல் தெரிவதற்குப் பின்னால், யாரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய இப்படியான ஒரு பொதுக் கிணறு இருக்கிறது.

*பழைய போனுக்கு இன்னொரு ஆயுள்*

சயனோஜன்மொட் கதை அந்தக் கடிதத்தோடு முடியவில்லை. 2013 இல் அது கம்பனியானது. 2016 இறுதியில் அந்தக் கம்பனி தன் சேவைகளை மூடியது. மூடும் முன்பே தன்னார்வலர்கள் மூலத்தை எடுத்து லினேஜ்ஓஎஸ் என்று புதிய பெயரில் தொடர்ந்தார்கள். தயாரித்த கம்பனியே கைவிட்ட போன்கள் பலவற்றுக்கு அவர்கள் இன்றும் புதிய அன்ட்ரொயிட்டைக் கொடுக்கிறார்கள். 2017 இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் குழு ஒரு போன் பத்து வருடம் உழைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு நேரடியாக லினக்ஸையே போன்களில் போடப் பார்க்கிறது. மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் கம்பனியோடு எல்லாம் மண்ணுக்குள் போயிருக்கும்.

ஆனால் சிக்கல்களும் உண்டு. எல்லாப் போனிலும் இதைச் செய்ய முடியாது. சில கம்பனிகள் பூட்லோடர் என்ற ஆரம்பப் பூட்டைத் திறக்க விடுவதே இல்லை. திறந்தாலும், போன் கூகிளின் சோதனையில் தேறாவிட்டால் சில வங்கிச் செயலிகள் ஓட மறுக்கும். சம்பளமும் மின்கட்டணமும் போனுக்குள் வந்துவிட்ட காலத்தில் இது சின்ன விடயம் இல்லை.

*இனி என்ன?*

ஒரு பக்கம் கயிறு இறுகுகிறது. 2025 மார்ச்சில் கூகிள், அன்ட்ரொயிட்டை உருவாக்கும் வேலையை இனி முழுவதும் உள்ளேயே செய்து, பதிப்பு தயாரானதும் மூலத்தை வெளியிடுவதாகச் சொன்னது. அதே வருடம் ஓகஸ்டில், அடையாளம் உறுதிசெய்யப்படாதவர்கள் எழுதும் செயலிகளைத் தன் அங்கீகாரம் பெற்ற போன்களில் போட முடியாதபடி 2026 இலிருந்து நாடு நாடாகச் செய்யப்போவதாக அறிவித்தது. மோசடிக்காரர்களைத் தடுக்க என்பது காரணம். அது பொய்க் காரணமும் இல்லை. போலிச் செயலிகளால் பணம் இழந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எதிர்ப்பு வந்ததும், அனுபவமுள்ளவர்களுக்குத் தனி வழி வைப்பதாகச் சொன்னார்கள். எப்படியோ, நம் போனில் எது ஓடலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒரே இடத்தில் சேருகிறது.

மறுபக்கம் இரண்டு கதவுகள் திறக்கின்றன. ஒன்று சட்டம். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் சந்தைக்கு வரும் போன் மொடல்களுக்கு, விற்பனை நிறுத்திய பின்னும் குறைந்தது 5 வருடம் அப்டேட் கிடைக்க வேண்டும் என்ற விதி வந்துள்ளது. மற்றது, ஒருவரையே நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று ஹுவாவி கற்ற பாடம். அது தன் முறைமையின் அடிப்படையை ஓபன்ஹார்மனி என்ற பெயரில் சீனாவில் ஒரு பொது அறக்கட்டளையிடம் கொடுத்தது. 2024 ஒக்டோபரில் அன்ட்ரொயிட் மூலமே இல்லாத புதிய பதிப்பை வெளியிட்டது. அதன் மேற்பகுதி மூடியதுதான். அங்கேயும் கயிறு ஒருவரிடம்தான். ஆள் மட்டும் வேறு.

என் கணிப்பு இது. அன்ட்ரொயிட்டையும் ஐபோனையும் தள்ளிவிட்டு ஒரு திறந்த போன் ஊர்க் கடைகளில் முதலிடம் பிடிக்கும் என்று எதிர்பார்க்க இந்த வரலாறு இடம் தரவில்லை. திறந்த மூலத்தின் எதிர்காலம் இரண்டு இடங்களில் இருக்கிறது: எல்லாப் போனுக்கும் அடியில் இருக்கும் பொதுக் கிணறாகவும், கம்பனி கைவிட்ட போனைத் தூக்கி எடுக்கும் கையாகவும். கயிறும் பொதுவாக வேண்டுமென்றால் அது சட்டத்தாலும் பாவனையாளர்கள் கேட்பதாலும்தான் வரும்.

*நாம் செய்யக் கூடியவை*

போன் வாங்கும்போது கமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறோம். "எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள்?" என்றும் கேளுங்கள். கூகிள் பிக்சல் 8 இலிருந்தும் சம்சுங் எஸ்24 இலிருந்தும் 7 வருடம் என்று அந்தக் கம்பனிகள் அறிவித்திருக்கின்றன. மலிவான மொடல்கள் பலவற்றில் அது மிகக் குறைவு. 2022 க்குப் பிறகு நம் நாட்டில் போன் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இரண்டு வருடம் கூடுதலாக உழைக்கும் போன் என்பது ஒரு பிள்ளையின் ஒரு வருட டியூஷன் காசு.

அப்டேட் நின்ற போனில் வங்கி வேலைகளைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். அதைத் தூக்கி எறியவும் வேண்டாம். லினேஜ்ஓஎஸ் இணையத்தளத்தில் அந்த மொடல் இருக்கிறதா என்று விபரம் தெரிந்த ஒரு தம்பியிடம் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், முதலில் போனில் உள்ளதையெல்லாம் வேறு இடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டைத் திறக்கும்போது எல்லாம் அழிந்துவிடும். பாடப் புத்தகம் வாசிக்கவும் குர்ஆன் கேட்கவும் அந்தப் போன் இன்னும் சில வருடம் தாராளமாகப் போதும்.

தகவல் தொழினுட்பம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வரலாறும் சொல்ல வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவு செய்ய இந்த நாட்டின் மென்பொருள் தன்னார்வலர்கள் சகனா என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும் 2010 ஹெயிட்டி பூகம்பத்திலும் அது பாவிக்கப்பட்டது. நம் கரையோரத்தின் கண்ணீரிலிருந்து பிறந்த ஒன்று, நாம் பார்த்தே இராத மக்களுக்கு உதவியது. ஒரு மொழிபெயர்ப்பு, ஒரு பிழைத்திருத்தம், ஒரு எழுத்துரு என்று எந்தப் பாடசாலை மாணவனும் அந்தக் கிணற்றில் ஒரு கல் வைக்கலாம். போய்ச் சேரும் நன்மைக்குக் கணக்கு வைக்க அல்லாஹ் போதுமானவன்.

உங்கள் வீட்டு மேசை லாச்சியில் தூங்கும் பழைய போனின் மொடலைக் கீழே எழுதுங்கள். அதற்கு இன்னொரு ஆயுள் இருக்கிறதா என்று எல்லோரும் சேர்ந்து தேடிப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.